கட்டில்வரை கஞ்சி

அருளப்பனுக்குச் சின்னம்மை. கர்ப்பிணியான அவர் மனைவி ரோஸ்லின் அந்த அறைக்குள் போகக்கூடாது என்றார் மருத்துவர். காய்ச்சலில் அருளப்பனால் எழவும் முடியவில்லை. அதனால், சாப்பாட்டைச் சுமந்துபோகும்படி அவர் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்த சக்கர ரோபோவை அவளே முடித்தாள். பேட்டரியை இணைத்ததும், எதிரில் இருப்பதை உணரும் அகச்சிவப்பு சென்சார் கருகிப்போனது.

"ஒன்பது வோல்ட் சக்கரத்துக்குத்தான். சென்சார் அஞ்சுதான் தாங்கும். நடுவுல வோல்ட்டைக் குறைக்கிற ரெகுலேட்டர் வை," என்று அவள் சொன்னதைக் கேட்டு மூடிய கதவுக்குள்ளிருந்து முனகினார் அருளப்பன்.

அப்படியே வைத்து, மாற்று சென்சாரைப் பொருத்தி, கதவைத் திறந்துவிட்டு அவள் விலகி நின்றாள். ரோபோ எதிலும் முட்டாமல் கஞ்சியைக் கட்டிலருகே கொண்டுபோய் நின்றது. அவள் தள்ளி நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, குடிச்சீங்களா?"

"உப்பு கம்மி," என்றார். "ஆனா நீயே வந்து குடுத்த மாதிரி இருக்கு ரோஸு. இன்னும் கொஞ்சம் அனுப்பேன்."