காலிப் பெட்டி

"இந்தக் காலிப் பெட்டிய என்ன சார் பண்றது, தூக்கிப் போட்டுறவா?"

"அவசரப்படாதீங்க மேடம். நல்ல தகடு. யோசிச்சு ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்."

வீணாய்ப்போன கம்ப்யூட்டரின் உள்பாகங்களைக் கழற்றியெடுத்த அன்று, அதைப் பழுதுபார்க்க வந்திருந்த தாமோதரன் சொன்ன பதிலை நினைத்தால் வத்சலாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். துணையை இழந்து தனியே இருப்பவள் அவள், அவரும் அப்படித்தான். அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வந்ததும் கூடத்து மூலையில் நிற்கும் பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டி. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து, "இதோ, காபி வருது" என்பாள் வத்சலா.

பிறகு யோசனை தொடங்கும். அதில் கீரை வளர்க்கலாம் என்பார். "துருப்பிடிச்சுடும் சார்." தபால் பெட்டியாக வாசலில் மாட்டலாம் என்பார். "எனக்கு யாரு லெட்டர் போடுறாங்க?" செருப்பு வைக்கலாம் என்றதற்கு, "உங்க செருப்பு இதுல நுழையாது" என்று அவர் பாதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்று தெருவில் பழைய இரும்பு வாங்கும் வண்டி வந்து நின்றது. தாமோதரன் மெல்ல எழுந்தார்.

"இனிமே எனக்கு யோசனையே இல்ல மேடம். போட்டுறலாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அடுத்த ஞாயிறு எதைச் சொல்லிக்கொண்டு வருவார்? இத்தனை நாளும் காபியோடு சேர்த்து விழுங்கிய வார்த்தைகள் வத்சலாவின் தொண்டைக்கு ஏறி வந்தன.

"சார், பெட்டியப் போட்டுட்டுத் திரும்பி வாங்க. வந்து... இங்கயே இருந்துடுங்களேன்."