கையுறைக்காரர்

ரப்பர் கையுறை மாட்டிய கையால் அந்த ஆள் இரண்டு வெள்ளை ட்யூப்களை மேசைமேல் வைத்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குளிருக்காகப் போட்ட கையுறை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"இந்த ரெண்டுல எதுல இது இருக்கு?" என்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். ஏதோ ஒரு வேதிப்பொருளின் பெயர், ரயில் நீளத்துக்கு எழுதியிருந்தது.

அந்த அழகுசாதனக் கடையின் விற்பனைப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கொரியாவிலிருந்து வரும் சன்ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவாள்.

"ஒரே கம்பெனி, ஒரே பேருதான் சார். ஆனா அவங்க ஊர்ல விக்கிறதுக்கு ஒரு கலவை, வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு வேற கலவை. நீங்க கேக்குற பொருள் ஏற்றுமதி ட்யூப்லதான் இருக்கும்."

"அது எதுன்னுதான் தெரியல. பின்னாடி ஸ்டிக்கரை ஒட்டித் தொலைச்சிருக்கான். பிரிச்சா எழுத்தும் சேந்து வந்துடுது."

"யாருக்கு சார்?"

"வீட்டுக்காரிக்கு." குரலைத் தாழ்த்தினார். "இது பட்டா அவளுக்கு மூச்சு அடைச்சுரும். போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா, கதை முடிஞ்சிருக்கும்."

"அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அவளா? நான் எதைக் கையில கொடுத்தாலும் பூசிக்குவா."

பூதக்கண்ணாடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்த துப்பறியும் தொடர்கள் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டிலும் கொன்றவன் புருஷன்தான்.

இரண்டு ட்யூப்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டைத் தன் புறங்கையில் வைத்துத் தேய்த்தாள். ஒன்று பால்போல ஓடியது, உள்ளூர்க் கலவை. மற்றது மஞ்சள் பாரித்துக் கெட்டியாக நின்றது. ஏற்றுமதி, சந்தேகமே இல்லை.

"நீங்களே தொட்டுப் பாருங்க சார்" என்று கையை நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் துள்ளினார்.

"அய்யய்யோ, என் மேல பட்டுடாம!"

தடயம்கூட ஒட்டக் கூடாதாம். கில்லாடிதான் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நொடிதான் யோசித்தாள். பிறகு, பால்போல ஓடிய ட்யூப்பைக் காட்டினாள்.

"இதுதான் சார். நீங்க கேட்ட பொருள் இதுலதான் இருக்கு."

"நிச்சயமாவா?"

"சத்தியமா."

இவன் விஷமென்று நினைத்து நல்லதைப் பூசிவிடுவான், அவள் பிழைத்துக்கொள்வாள். ஒரு பொய்க்கு ஓர் உயிர் என்றால் மலிவுதான்.

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தார். கண்ணாடிக்கு அப்பால் காருக்குள் ஒருத்தி, வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்தபடி காத்திருந்தாள். போலீசுக்குச் சொல்ல, கார் நம்பரைக் குறிக்கத் தொடங்கினாள் பூதக்கண்ணாடி.

வாசலில் அவர் நின்றார். அவள் காட்டிய ட்யூப்பைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல இரு விரலால் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். கையுறைகளையும் உருவி அதன்மேல் எறிந்தார். மற்றதை எடுத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார்.

பேனா கீழே விழுந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் கதவைத் திறப்பதற்குள், காருக்குள் இருந்தவளின் இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பாரித்த க்ரீம் அப்பியிருந்தது.

"பயப்படாம பூசிக்கோம்மா, கடைக்காரம்மா சத்தியம் பண்ணிட்டாங்க!"