மூன்றாவது சுற்று

அந்தக் கம்பை மட்டும் அவர் மிதிக்கவில்லை.

தாண்டிக் குதித்தார். கம்ப்யூட்டர் திரையில் தொப்பிக்காரப் பொம்மை அடுத்த கம்பில் போய் நின்றது.

மகள் சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சிய? விளையாடிப் பாத்த ஏழு பேரும் மொதத் தடவை அதுல விழுந்துட்டாங்க."

உள்ளங்கை வேர்த்திருந்தது. முப்பது வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் காய்ப்பு ஏறின கை. ரிமோட் மாதிரி எதையோ கொடுத்திருந்தாள். அது வழுக்கியது.

ஆசைப்பட்டு உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுக்கப் போனவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

குதித்துக் குதித்து மேலே ஏறுகிற விளையாட்டு. முதல் பாகத்தை ஏதோ ஒரு கம்பெனி போட்டது. பிறகு கைகழுவிவிட்டது. அதிலேயே பைத்தியமாய்க் கிடந்த நாலு பேர் சேர்ந்து இரண்டாம் பாகத்தைத் தாங்களே செய்திருக்கிறார்கள். அந்த நாலில் ஒருத்தி இவள்.

"அடுத்தவன் கட்டுன வீட்டுக்கு நீ மாடி எடுக்கியாக்கும்? அவன் சும்மா இருப்பானாட்டி?"

"அவன் பூட்டிப் போட்டுட்டுப் போயிட்டாம்ப்பா. எங்களுக்கு அந்த வீடு பிடிச்சிருந்துச்சு."

படித்ததுகளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். அவர் நம்புவதில்லை.

ஆனால் திரையில் இருந்தது அவருக்குத் தெரிந்த இடம். சுவரை ஒட்டிச் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டியிருந்தது. குறுக்குக் கம்புகள். சேரும் இடமெல்லாம் கயிறு.

ஒவ்வொரு கட்டிலும் கயிறு மூன்று சுற்று.

ஒன்றில் மட்டும் இரண்டு.

பார்த்ததும் விரல் தானாகத் தாண்டியது.

"மொதப் பாகத்துல சொல்லாமக் கொள்ளாம விழும்ப்பா. எரிச்சலா வரும். நாங்க அதை மாத்திட்டோம். விழப்போறது எதுவானாலும் முன்னாலயே காட்டிரும். உத்துப் பாத்தா தெரியும். அதான் இதுல ருசியே."

உற்றுப் பார்த்தால் தெரியும்.

உற்றுப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

போன ஆகஸ்டு. நாலாவது மாடி. கயிறு பத்தவில்லை. இரண்டு சுற்றோடு நிறுத்தினார். டீ குடித்துவிட்டு வந்து மூன்றாவதைப் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினார்.

கீழே வந்து நிமிர்ந்தார். சாரத்தில் சிலுவை ஏறிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷக் கூட்டாளி.

ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.

தாங்கும் என்று நினைத்தார்.

கயிறு மக்கிப்போயிருந்தது என்றான் காண்ட்ராக்டர். போலீசில் அதையே எழுதினார்கள். அவரும் அதையே சொன்னார். கல்லறையில் வைத்துச் சிலுவையின் பெண்டாட்டி கேட்டபோதும் அதையே சொன்னார்.

வீட்டிலும் அதேதான்.

இவளுக்கு எப்படித் தெரியும்?

சின்னப் பிள்ளையில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். எத்தனை சுத்துப்பா? மூணு. ரெண்டு சுத்துனா? ஆள் விழுவான்.

அதை நினைவில் வைத்து வரைந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும்.

அப்படித்தானா?

அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா, பின்னால பாருங்க."

கீழிருந்து இன்னொரு பொம்மை வந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய பொம்மை.

"மொதப் பாகத்துல ஒத்தையாத்தான் ஏறணும். இதுல கூட்டாளி உண்டு. நீங்க போன வழியிலயே வருவான். உங்களை நம்பித்தான் வருவான். ஆனா எது விழும்னு அவனுக்குத் தெரியாது."

துண்டுக்காரப் பொம்மை அந்தக் கம்பை மிதித்தது.

கயிறு அவிழ்ந்தது.

சத்தமே இல்லாமல் பொம்மை கீழே போனது.

"நீங்க தப்பிச்சா மட்டும் போதாதுப்பா. சத்தம் கொடுக்கணும். இந்தா, இந்தச் செவப்புப் பட்டனை அமுக்குனா அங்கனயே நிப்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை அவர் நம்பவில்லை.

கண் வலிக்கிறது என்று எழுந்துவிடலாம். ஆனால் எழவில்லை.

திரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஏறினார். தாண்டினார். நின்றார்.

பின்னால் துண்டு தெரிந்தது.

இன்னும் மூன்று கம்பு.

கட்டைவிரல் சிவப்புப் பட்டன் மேல் இருந்தது. அமுக்கினால் போதும். கொசு நசுக்குகிற பலம் போதும்.

இரண்டு கம்பு.

விரல் மரத்துப்போய்க் கிடந்தது.

"அமுக்குங்கப்பா."

ஒன்று.

"அப்பா!"

பொம்மை காலைத் தூக்கியது.

"எலே சிலுவை! ஏறாதல! அது ரெண்டு சுத்துதான்ல!"

அடுப்படியில் அவர் பெண்டாட்டி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

பொம்மை விழுந்தது.

சுகிர்தா அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொம்மைக்கு அந்த நாலு பேரும் இன்னும் பெயர் வைக்கவில்லை.