பட்டையில் இரண்டு கோடுகள்

மாதந்தோறும் அம்மா வாங்கிவந்து மருமகளிடம் நீட்டும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில், ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக இரண்டு கோடுகள் தெரிந்தன.

“மேகோங் ஆத்து மீனையெல்லாம் முட்டை போட வச்சவளுக்கு, இப்பத்தான் என் வீட்டு ஞாபகம் வந்துச்சாக்கும்!” என்று அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மகன் வின் அறைக்குள் ஓடினான். மனைவி ஹுவே அழுதுகொண்டிருந்தாள்.

“சிரிக்கிற நேரத்துல அழுவுறியே, பைத்தியம்!”

“நேத்து பண்ணையில தாய்க் கெளுத்தி துள்ளினதுல, ஊசி என் கையில ஏறிடுச்சுங்க. மருந்து முழுக்க உள்ள போயிடுச்சு.”

மீனை முட்டையிட வைக்கும் அந்த மருந்து, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹார்மோன். பட்டை தேடுவதும் அதையேதான். பண்ணைக்காரர் எல்லாரும் அறிந்த செய்தி அது.

“அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு நாக்கு எழல.”

கூடத்தில் அம்மா, இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தியோடு நின்றிருந்தார்.

“கேட்டீங்களா, உங்க பேரன் வர்றான். இனிமே அந்தப் பொண்ணை ஒரு சொல்லு சொல்லமாட்டேன், சத்தியம்.”

வின் வாயைத் திறந்தான். பிறகு, இன்னொரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து, அம்மாவுக்கு அருகில் கண்களை மூடி நின்றான்.