பிடித்துக்கொள்ள ஒரு வால்

உருளையன் என்ற யானைக்குட்டிக்கு அம்மாவின் வாலைப் பிடித்தால்தான் நடையே வரும். தங்கச்சி பிறந்த மறுநாள், ஆற்றுக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "இனிமே வாலைப் பாப்பாவுக்கு விட்டுக்குடுடா, ராசா."

"அப்போ நான் எதைப் பிடிச்சுக்கறது? நான் வரலை."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் திரும்பி நின்றான்.

பாப்பா தள்ளாடி வந்தாள். அம்மாவின் வால் எங்கோ உயரத்தில் ஆடியது, எட்டவில்லை. விழப்போனவள், தும்பிக்கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டாள்.

உருளையனைப் பின்னால் ஏதோ சன்னமாக இழுத்தது. மூச்சுவிடக்கூடப் பயந்து அப்படியே நின்றான். பிறகு ஆற்றைப் பார்த்து, ஒவ்வோர் அடியாக, மெல்ல நடந்தான்.

தனக்கும் ஒரு வால் இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.