சும்மா நாள்

கட்டிலைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். அதில் மெல்லிய மின்சாரம் ஓடினால் மனிதரின் தூக்கம் கெடுகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில நாள் மின்சாரமே விடமாட்டோம். படுத்திருப்பவருக்கு அது தெரியக் கூடாது. அந்த நாட்களை எங்களுக்குள் ‘சும்மா நாள்’ என்போம்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் படுக்க வருகிறார். மின்சாரம் விட்ட நாளெல்லாம், “ஒண்ணும் தெரியலைங்க” என்பார். சும்மா நாளில் மட்டும் எழுந்ததும் கால்மாட்டைத் தடவிப் பார்ப்பார்.

“இங்க ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க மேடம்.”

அறைக்கு ஒரே கதவு, என் மேஜைக்கு எதிரே. யாரும் உள்ளே போகவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

இன்றும் சும்மா நாள்.

“என்ன வேணும்னு கேட்டேன். சும்மாதான் வந்தேன்னாங்க. நின்னுக்கிட்டே சாப்பிட்டா உடம்புல ஒட்டுமான்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”

அக்கா இறந்ததிலிருந்து நான் அடுப்பு மேடையருகே நின்றபடிதான் சாப்பிடுகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவர் போனபின் நானே அந்தக் கட்டிலில் படுத்தேன். மின்சாரம் விடவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தேன். நான் குள்ளம். என் கால் கட்டிலின் கடைசிவரை எட்டாது. கால்மாட்டில், ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்த மெத்தை மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.