மரம் பிடித்த ஆறு மில்லி

மழை விட்டு அரை மணிகூட ஆகவில்லை. செம்மநத்தத்துக்கு மேலே சோலைக்குள் வெயில் சரிந்து இறங்க, நாவல் மரத்து இலைகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. மரத்தடித் தகர டப்பாவில் விழுந்த மழைத் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்திருக்கிறாள் குப்பாயி. "பதினாலு மில்லிங்க." எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி பேனாவை நிறுத்துகிறார். "வெட்டவெளி டப்பாவுல இருபது இருந்துச்சு. இங்க ஆறு கொறையுது. காலு பட்டுக் கொட்டிட்டியா?" அவளுக்குச் சுருக்கென்கிறது. மூன்று மாதமாக அட்டைக் கடியோடு நடந்து வந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அளந்த கை அது. "நாங் கொட்டலீங்க. மரம் புடிச்சு வெச்சிருக்குது." "மரம் புடிக்குதாம். சனிக்கெழம காலேஜ்காரங்க வந்தா என்னையத்தான் கேப்பாங்க" என்றபடி அவர் நோட்டில் இருபது என்றே எழுதுகிறார். எதிர்ப்பக்கத்திலும் இருபதுக்கு இருபது, முப்பதுக்கு முப்பது என்று எல்லாம் சமமாக நிற்பதை அப்போதுதான் பார்க்கிறாள். "ஏனுங்க, அந்தக் கொறை எவ்வளவுன்னு பாக்கத்தானுங்க அவங்க டப்பாவே வெச்சாங்க." அவர் காதில் வாங்கவில்லை. குப்பாயி கண்ணாடியைக் கீழே வைக்கிறாள். தாழ்ந்த கிளையை இரு கையாலும் பற்றி உலுக்குகிறாள். இலைத் தண்ணீரெல்லாம் சடசடவென்று நோட்டின் மேல் கொட்ட, இருபதும் முப்பதும் நீலமாகக் கரைந்து வழிகின்றன. "இது பாதிங்க" என்கிறாள், ஆவி பறக்கும் உச்சிக் கிளையை நிமிர்ந்து பார்த்து. "மீதி மேல போயிட்டிருக்குதுங்க. அதையும் புடிச்சுச் சமம் பண்ணிக்குங்க."